மூளைக்குள் ஒரு வெள்ளம்!

‘‘டாக்டர், அஜினமோட்டோ போட்ட ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டா மூளை நரம்பு செத்துப் போயிடுமாமே... நிஜமா?’’

கல்யாண வீட்டுப் பந்தியில்கூட என்னைப் பிடித்து வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் உண்டு. ‘ஆமாம்’ என்று ஒரே வார்த்தையில் பதில் சொன்னால் அது பொய். ‘சும்மா புரளி’ என்று ஒதுக்கினால் அதுவும் முழு உண்மை இல்லை. அந்தப் பொட்டலத்தில் இருக்கிற ‘குளுட்டமேட்’ என்ற பொருள்தான் நம் மூளைக்குள் ஒரு செல் இன்னொரு செல்லோடு பேசுகிற பாஷை. அதே பொருள் அளவு மீறிச் சுரந்தால், எந்த செல்லோடு பேச வந்ததோ அந்த செல்லையே கொன்றுவிடும் என்பதும் ஆராய்ச்சியில் தெளிவான விஷயம்.

பக்கவாதம் வந்த ஒருவரின் மூளையில் நடப்பதில் பெரும்பங்கு இந்தக் கூத்துதான். அதைப் புரிந்துகொண்டால், வீட்டில் யாருக்காவது திடீரென்று வாய் கோணி, கை தொங்கிப்போனால் முதல் நாலு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும், ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

‘இதில் சித்த வைத்தியருக்கு என்ன வேலை?’ என்று சிலர் நினைக்கலாம். பக்கவாதம் என்றதும் நோயாளியைக் காரில் படுக்க வைத்து நேராக எங்களைத் தேடி வருகிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அதனால்தான் நானே எழுதுகிறேன்.

செல்லுக்கு செல் பேசுவது எப்படி?

நம் மூளையின் எடை சுமார் 1,400 கிராம். உடம்பின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட உடம்பு செலவழிக்கும் பிராண வாயுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அது ஒன்றே விழுங்கிவிடும். அத்தனை எரிபொருள் எதற்கு? பேசுவதற்குத்தான்! மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான மற்ற செல்களோடு தொடர்பு வைத்திருக்கிறது.

ஒரு செல்லின் நுனிக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவே நூலிழைகூட நுழைய முடியாத மெல்லிய இடைவெளி உண்டு. ‘சினாப்ஸ்’ என்பார்கள். ஒரு செல்லுக்குள் மின் அதிர்வு ஓடி வந்து நுனியை அடைந்ததும், அங்கே குட்டிக் குட்டிப் பைகளில் சேமித்து வைத்திருக்கும் குளுட்டமேட் அந்த இடைவெளியில் கொட்டும். எதிர் செல்லின் மேல் பூட்டுகள் மாதிரி சில அமைப்புகள் இருக்கின்றன. ‘ரிசப்டார்’ என்பது அவற்றின் பெயர். சாவி பூட்டில் பொருந்துவதுபோல் குளுட்டமேட் அதில் பொருந்தியதும் ஒரு கதவு திறக்கும். வெளியே இருக்கிற சோடியம் உள்ளே பாயும். அந்த செல்லும் அதிர்வு கொள்ளும். கண் இமைக்கும் நேரத்தில் நூறு பங்கில் ஒரு பங்குக்குள் இதெல்லாம் முடிந்துவிடும்.

இப்படித் தட்டி எழுப்புகிற வேலையை குளுட்டமேட் பார்க்கிறது என்றால், ‘போதும், அடங்கு’ என்று பிரேக் போடுகிற வேலையை ‘காபா’ என்ற இன்னொரு பொருள் பார்க்கிறது. வேடிக்கை என்னவென்றால், காபாவை மூளை தயாரிப்பதே குளுட்டமேட்டிலிருந்துதான். டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் தூக்க மாத்திரைகளில் பல, இந்த பிரேக்கைக் கொஞ்சம் அழுத்திக் கொடுப்பவைதான்.

பேசி முடித்ததும் அந்த இடைவெளியைச் சுத்தம் செய்தாக வேண்டும். கொட்டிய குளுட்டமேட் அங்கேயே தேங்கினால் எதிர் செல் ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும். அதனால் பக்கத்திலேயே காவல் இருக்கும் துணை செல்கள், பம்ப் வைத்து அதை உடனுக்குடன் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. செல்லுக்குள் இருக்கும் குளுட்டமேட்டின் அடர்த்தி, வெளியே இருப்பதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். அந்த வித்தியாசத்தைக் காப்பாற்றுவதற்கு பம்ப் இரவு பகல் ஓட வேண்டும். பம்ப் ஓட சக்தி வேண்டும். சக்திக்கு ரத்தம் கொண்டு வரும் பிராண வாயுவும் சர்க்கரையும் வேண்டும். இந்தச் சங்கிலியை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கோதுமையில் ஆரம்பித்த கதை

குளுட்டமேட்டின் மூலமான அமிலத்தை 1866-ல் ஜெர்மனியில் ரிட்ஹவுசன் என்பவர் கோதுமையின் புரதத்திலிருந்து பிரித்தெடுத்தார். 1908-ல் ஜப்பானியப் பேராசிரியர் கிகுனே இகேடா, கடற்பாசி சூப்புக்கு அந்தத் தனி ருசி எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போய் இதே பொருளில் முடித்தார். அடுத்த வருஷமே அது ‘அஜினமோட்டோ’ என்ற பெயரில் கடைக்கு வந்துவிட்டது.

மூளைக்கும் இதற்கும் இருக்கிற தொடர்பைக் காட்டியவர்களில் முன்னோடி இன்னொரு ஜப்பானியர், ஹயாஷி. நாய்களின் மூளை மேற்பரப்பில் குளுட்டமேட்டைச் செலுத்தினால் வலிப்பு வருகிறது என்று 1954-ல் எழுதினார். 1959 வாக்கில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் கர்ட்டிஸ், ஃபிலிஸ், வாட்கின்ஸ் ஆகிய மூவரும் பூனையின் தண்டுவட செல்களில் இதைச் சோதித்தார்கள். தொட்ட செல் எல்லாம் துள்ளியது! ‘எல்லா செல்லையும் ஒரே மாதிரி கிளப்பிவிடுகிற பொருள் எப்படிச் செய்தி சொல்லும் பொருளாக இருக்க முடியும்?’ என்று அவர்களே முதலில் சந்தேகப்பட்டார்கள். அந்தச் சந்தேகம் தீர இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. கண்டுபிடித்தவனே நம்ப மறுப்பது விஞ்ஞானத்தில் அடிக்கடி நடக்கிற விஷயம்தான்.

இதற்கு நடுவே வேறொரு பக்கத்தில் எச்சரிக்கை மணி அடித்தது. 1957-ல் லூகாஸ், நியூஹவுஸ் என்ற இருவர், பிறந்த சுண்டெலிக் குஞ்சுகளின் தோலுக்கடியில் சோடியம் குளுட்டமேட்டைச் செலுத்திப் பார்த்தபோது, விழித்திரையின் உள் அடுக்கு செல்கள் அழிந்துபோயின. இதைத் தொடர்ந்து தோண்டியவர் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜான் ஓல்னி. கண்ணில் மட்டுமல்ல, மூளையின் அடிப்பாகத்திலும் செல்கள் மடிகின்றன என்று 1969-ல் காட்டினார். தப்பிப் பிழைத்த எலிகள் வளர வளர அநியாயத்துக்குக் குண்டாகிப் போயின.

ஓல்னி நுண்ணோக்கியில் ஒரு விநோதத்தைப் பார்த்தார். குளுட்டமேட்டை வாங்கிக்கொள்ளும் செல்களின் உடலும் கிளைகளும் ஊதி வெடித்திருந்தன. ஆனால் வேறெங்கோ இருக்கும் செல்களிலிருந்து அந்த வழியாகச் சும்மா கடந்து போகும் நரம்பு இழைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை! சாதாரண விஷமாக இருந்தால் அக்கம்பக்கத்தில் இருக்கிற எல்லாவற்றையும் அரித்திருக்கும். இது பூட்டு உள்ள செல்லை மட்டும்தான் கொல்கிறது. ஓயாமல் தட்டித் தட்டியே கொல்கிறது. ‘எக்ஸைட்டோடாக்ஸிசிட்டி’ என்று அவர் பெயர் வைத்தார். தமிழில் ‘கிளர்ச்சி நஞ்சு’ என்று சொல்லலாம்.

சரி, பந்தியில் கேட்ட கேள்விக்கு வருவோம். எலிக்குஞ்சுகளுக்குக் கொடுத்தது அவற்றின் எடைக்கு மிக மிகப் பெரிய அளவு, அதுவும் ஊசி வழியாக. நாம் சாப்பாட்டில் எடுத்துக்கொள்ளும் குளுட்டமேட்டில் பெரும்பகுதியைக் குடல் செல்களே எரிபொருளாகச் செலவழித்துவிடுகின்றன. மீதி ரத்தத்துக்கு வந்தாலும், மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள தடுப்புச் சுவர் அதைச் சுலபத்தில் உள்ளே விடாது. பழுத்த தக்காளியில், தாய்ப்பாலில்கூட குளுட்டமேட் உண்டு. ஆக, என்றைக்கோ ஒருநாள் சாப்பிட்ட நூடுல்ஸால் மூளை செல் சாகாது. ஓல்னியின் ஆராய்ச்சிக்குப் பிறகு 1969-லேயே அமெரிக்கக் குழந்தை உணவுத் தயாரிப்பாளர்கள் இதைச் சேர்ப்பதை நிறுத்திக்கொண்டார்கள். கைக்குழந்தைக்கு இந்த உப்பு எதற்கு? தேவையே இல்லை. பெரியவர்களுக்கும் நான் சிபாரிசு செய்வதில்லை. அதற்குக் காரணம் மூளை அல்ல. கெட்டுப்போன சரக்கையும் ருசியாக்கிக் காட்டும் வித்தை அதற்கு இருக்கிறது!

பருப்பிலும் பழத்திலும் கள்ளச்சாவி

குளுட்டமேட் பூட்டைத் திறக்கும் கள்ளச்சாவிகளைச் சில செடிகளும் செய்து வைத்திருக்கின்றன. நம் நாட்டுக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் கேசரிப் பருப்பு. துவரம் பருப்பிலும் கடலை மாவிலும் கலப்படம் செய்வதாக அடிக்கடி செய்தியில் அடிபடுமே, அதேதான். மழை பொய்த்தாலும் இந்தப் பயிர் விளையும். அதனால் மத்திய இந்தியாவில் பஞ்ச காலங்களில் ஏழைகளுக்கு இதுவே பிரதான உணவாகிவிட்டது. மாதக்கணக்கில் இதை மட்டுமே தின்றவர்களுக்குக் கால்கள் விறைத்து, முழங்கால் மடங்காமல், நுனிக்காலில் தடி ஊன்றி நடக்க வேண்டிய நிலைமை வந்தது. அறிவு, பேச்சு எல்லாம் சரியாக இருக்கும். கால் மட்டும் போய்விடும். திரும்பி வராது.

இதற்குக் காரணமான அமினோ அமிலத்தை 1964-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராவ், அடிகா, சர்மா ஆகியோரும், டெல்லியில் மூர்த்தி, சேஷாத்ரி, வெங்கிடசுப்பிரமணியன் ஆகியோரும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். அதன் வடிவம் குளுட்டமேட்டுக்குச் சாயல் கொண்டது. பூட்டில் போய் உட்கார்ந்துகொண்டு காலை அசைக்கும் நரம்பு செல்களை ஓயாமல் கிளப்புகிறது. ஓல்னி பெயர் வைப்பதற்கு ஐந்து வருஷம் முன்னாலேயே நம் ஆட்கள் ஒரு கிளர்ச்சி நஞ்சைக் கையில் பிடித்திருக்கிறார்கள் என்பதை எத்தனை பாடப் புத்தகத்தில் சொல்கிறார்கள்?

1987-ல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் விளைந்த சிப்பிகளைச் சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு வாந்தி, குழப்பம், வலிப்பு வந்தது. சிலர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் சிலருக்குப் புதிதாக எதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள முடியாமலே போயிற்று. கடல் பாசியிலிருந்து சிப்பிக்குள் சேர்ந்த ‘டோமோயிக் அமிலம்’ அதற்குக் காரணம். அதுவும் ஒரு கள்ளச்சாவி. மூளையில் ஞாபகத்தைப் பதிவு செய்யும் பகுதியில் இந்தப் பூட்டுகள் அதிகம் என்பதால் அடி அங்கே விழுந்தது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழக்கடையில் ஸ்டார் ஃப்ரூட் என்று விற்கும் நட்சத்திரப் பழத்தைச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், குறிப்பாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், தொடவே கூடாது. தீராத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். அதிலுள்ள நரம்பு நஞ்சை 2013-ல் பிரேசில் நாட்டு விஞ்ஞானிகள் அடையாளம் கண்டார்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அது வெளியேறிவிடும். கெட்டவருக்கு ரத்தத்தில் தங்கிவிடும்.

மோட்டார் நின்றால்...

இப்போது பக்கவாதத்துக்கு வருவோம். இங்கே கள்ளச்சாவி எதுவும் வெளியிலிருந்து வர வேண்டாம். வீட்டுச் சரக்கே போதும்.

அடித்தளத்தில் எப்போதும் தண்ணீர் ஊறுகிற ஒரு அபார்ட்மென்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஓடும்வரை தரை காய்ந்தே இருக்கும். கரன்ட் போனால்? கொஞ்ச நேரத்தில் கணுக்கால், பிறகு முழங்கால், பிறகு லிஃப்ட், மீட்டர் பெட்டி எல்லாம் தண்ணீருக்குள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை ஒரு ரத்தக்கட்டி அடைத்தால் நடப்பது இதுதான். பிராண வாயு இல்லை, சக்தி இல்லை, பம்ப் நின்றுவிடுகிறது. நின்றால்கூடப் பரவாயில்லை, சில பம்புகள் எதிர்த்திசையில் ஓடி, உள்ளே இருந்த குளுட்டமேட்டை வெளியே துப்ப ஆரம்பித்துவிடுகின்றன. ரத்த ஓட்டத்தை நிறுத்தினால் எலியின் மூளையில் குளுட்டமேட் பல மடங்கு கூடுவதை 1984-ல் நேரடியாகவே அளந்து காட்டினார்கள்.

குளுட்டமேட் பூட்டுகளில் ‘என்.எம்.டி.ஏ.’ என்று ஒரு வகை உண்டு. சாதாரண நேரத்தில் அதன் வாயை மக்னீசியம் அணு ஒன்று தக்கை மாதிரி அடைத்துக்கொண்டிருக்கும். செல் விடாமல் அதிரும்போது தக்கை பிடுங்கிக்கொள்ளும். அப்போது உள்ளே பாய்வது கால்சியம். செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியம், உள்ளே இருப்பதைப்போல் பத்தாயிரம் மடங்கு. கொஞ்சமாக உள்ளே வந்தால் நல்லது, நாம் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வதே அதனால்தான். வெள்ளமாக வந்தால் செல்லின் புரதங்களை அரிக்கும் நொதிகள் விழித்துக்கொள்கின்றன, சக்தி தயாரிக்கும் நிலையங்கள் பழுதாகின்றன, செல் சாகிறது. சாகும்போது தன்னிடமிருந்த குளுட்டமேட்டையும் வெளியே கொட்டிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரனுக்கும் தீ வைத்துவிட்டுத்தான் போகிறது!

அடைப்பின் நடுப்பகுதியில் சில நிமிஷத்திலேயே செல்கள் மடிந்துவிடும். அதைச் சுற்றி அக்கம்பக்கக் குழாய்களிலிருந்து அரைகுறையாக ரத்தம் கிடைக்கும் ஒரு வளையம் இருக்கிறது. அங்கே இருக்கிற செல்கள் வேலை செய்யாது, ஆனால் சாகவும் இல்லை. அரை உயிரோடு மணிக்கணக்கில் காத்திருக்கும். பெரிய ரத்தக்குழாய் அடைத்தால் ஒவ்வொரு நிமிஷமும் சராசரியாக 19 லட்சம் நரம்பு செல்கள் அழிவதாக 2006-ல் கணக்குப் போட்டார்கள். கோணிய வாயும் தொங்கிய கையும் திரும்ப வருமா வராதா என்பது அந்த வளையத்தைக் காப்பாற்றுவதைப் பொறுத்தது.

ஆயிரம் மருந்தும் ஒரு பாடமும்

‘குளுட்டமேட் பூட்டை அடைத்துவிட்டால் போச்சு, செல் தப்பிவிடுமே!’ என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? விஞ்ஞானிகளுக்கும் அப்படித்தான் தோன்றியது. 1980-களில் எலிகளிடம் செய்து பார்த்தார்கள். அற்புதமான பலன். 1990-களில் மனிதர்களுக்குக் கொடுத்தார்கள். செல்ஃபோடெல் என்ற மருந்தைக் கொடுத்தபோது நோயாளிகள் இல்லாததைக் கண்டு பிதற்றினார்கள், கொந்தளித்தார்கள். மருந்து கொடுத்தவர்களில் இறப்பு கூடுதலாகத் தெரியவே சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். அதே குடும்பத்து வேறு மருந்துகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. பக்கவாதத்துக்காகச் சோதிக்கப்பட்ட சிகிச்சைகளை 2006-ல் எண்ணிப் பார்த்தபோது 1,026 இருந்தன. எலியில் ஜெயித்தவை ஏராளம். மனிதனுக்கு மூளை செல்லைக் காக்கும் மருந்தாகத் தேறியது எதுவுமில்லை!

ஏன்? அந்தப் பூட்டு அடிபட்ட இடத்தில் மட்டும் இல்லை, மூளை முழுக்க இருக்கிறது. எல்லாவற்றையும் இழுத்துச் சாத்தினால் நல்ல செல்களின் பேச்சும் நின்றுவிடும். அடுத்து, எலிக்கு அடைப்பை உண்டாக்கிய கையோடு மருந்து கொடுத்தார்கள். மனிதர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் குளுட்டமேட் வெள்ளம் வடிந்து, சேதம் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கும். இன்னொரு சங்கடம், மருந்து போக வேண்டிய பாதையே அடைபட்டிருக்கிறது.

தாமதம்தான் காரணம் என்றால் ஆம்புலன்ஸிலேயே கொடுத்தால் என்ன என்று அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் முயன்று பார்த்தார்கள். 1,700 நோயாளிகள். பாதிப் பேருக்கு மக்னீசியம், பாதிப் பேருக்கு வெறும் உப்பு நீர். பெரும்பாலானவர்களுக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது. 2015-ல் முடிவு வெளியானது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை.

இத்தனை உழைப்பும் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். இதே ஆராய்ச்சி வழியில் வந்த மெமான்டின் என்ற மருந்து, பூட்டை முழுசாக அடைக்காமல் லேசாக மட்டும் தடுப்பதால், அல்சைமர் மறதி நோயில் ஓரளவு உதவுகிறது. அமெரிக்காவில் 2003-ல் அனுமதி பெற்றது. தசைகளை இயக்கும் நரம்புகள் பட்டுப்போகும் ஏ.எல்.எஸ். நோயில், குளுட்டமேட் சுரப்பைக் குறைக்கும் ரிலுசோல் 1995-லிருந்து இருக்கிறது. நோயைக் குணமாக்காது. ஆயுளைச் சில மாதம் நீட்டும்.

பக்கவாதத்தில் பலன் தந்த வழி எளிமையானது: வெள்ளத்தோடு மல்லுக்கு நிற்காமல் கரன்ட்டைத் திரும்பக் கொண்டு வருவது. அதாவது அடைப்பை எடுப்பது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் ஊனமின்றித் தேறுகிறவர்கள் அதிகம் என்று 1995-ல் நிரூபணமானது. 2008-ல் அந்தக் கெடு நாலரை மணி நேரமாக நீண்டது. இந்த ஊசியில் ஆபத்தும் உண்டு. அந்த 1995 சோதனையில் நூற்றுக்கு ஆறு பேருக்கு மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டது. அதனால்தான் டாக்டர்கள் கையெழுத்துக் கேட்கிறார்கள். பெரிய குழாய் அடைபட்டிருந்தால் தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டுக் கட்டியை உருவி எடுக்கும் முறை 2015-லிருந்து நிலைபெற்றுவிட்டது. ஸ்கேன் பார்த்துத் தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம்வரைகூட அதைச் செய்கிறார்கள். ஆனால் ‘24 மணி நேரம் இருக்கிறதே’ என்று உட்கார்ந்துவிடாதீர்கள். யாருக்கு எத்தனை மணி நேரம் தாங்கும் என்று வீட்டிலிருந்து சொல்ல முடியாது.

வீட்டில் நடப்பது

நடைமுறையில் என்ன நடக்கிறது? ‘‘வாயுப் பிடிப்பா இருக்கும், கொஞ்சம் படுத்து எழுந்தா சரியாயிடும்’’ என்பார் பெரியவர். மருமகள் தைலம் தேய்ப்பாள். யாரோ புறா ரத்தம் பூசச் சொல்வார்கள். மகன் ஆபீஸிலிருந்து வரட்டும் என்று காத்திருப்பார்கள். இரண்டு மணி நேரம் போயிருக்கும். நிமிஷத்துக்கு 19 லட்சம் என்று பெருக்கிப் பாருங்கள்.

சிரிக்கச் சொல்லுங்கள், ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லுங்கள், ஒன்று இறங்குகிறதா? ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள், குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். சி.டி. ஸ்கேன் இருக்கிற, ராத்திரியிலும் டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். வழியில் இருக்கிற கிளினிக்கில் நிறுத்தி ட்ரிப்ஸ் ஏற்றிக்கொண்டிருக்கக் கூடாது.

கஷாயம், காபி, குளுக்கோஸ், மாத்திரை எதையும் வாயில் ஊற்றவோ போடவோ வேண்டாம். விழுங்கும் தசையும் செயலிழந்திருந்தால் அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகும். ஹார்ட் அட்டாக்குக்குக் கொடுப்பதுபோல் ஆஸ்பிரின் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். கூடாது. அடைப்பா, ரத்தக் கசிவா என்று வெளியிலிருந்து பார்த்து எந்த வைத்தியனாலும் சொல்ல முடியாது. ஸ்கேன்தான் சொல்லும். கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதைக் கூட்டிவிடும். பிரஷர் ஏறியிருக்கிறதே என்று கூடுதலாக ஒரு பிரஷர் மாத்திரை கொடுப்பதும் தப்பு. அந்த அரை உயிர் வளையத்துக்குக் கொஞ்சமாவது ரத்தத்தைத் தள்ளுவதற்காக உடம்பே பிரஷரை ஏற்றி வைத்திருக்கும். திடீரென்று இறக்கினால் அதுவும் போய்விடும்.

மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். எப்போது கண்டுபிடித்தீர்கள் என்பதைவிட, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பது முக்கியம். காலை ஐந்து மணிக்கு எழுந்திருக்க முடியாமல் கிடந்தார், ராத்திரி பத்து மணிக்கு நன்றாகப் படுக்கப் போனார் என்றால் டாக்டரிடம் இரண்டையும் சொல்ல வேண்டும்.

சில சமயம் அரை மணி, ஒரு மணி நேரத்தில் தானாகவே எல்லாம் சரியாகிவிடும். அப்போது யார் என்ன கொடுத்திருந்தாலும் புகழ் அவருக்குப் போய்விடும்! அடைத்த கட்டி தானாகக் கரைந்துவிட்டது என்பதுதான் விஷயம். ‘மினி ஸ்ட்ரோக்’ என்று சொல்லப்படும் இது, பெரிய அடைப்பு பின்னால் வருகிறது என்பதற்கு அறிகுறி. அதுவும் அடுத்த இரண்டு நாளில் ஆபத்து மிக அதிகம். சரியாகிவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சித்த மருத்துவம் எங்கே வருகிறது?

எங்கள் நூல்களில் வாத நோய்களை எண்பது என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். பக்கவாதம் அதில் ஒன்று. அந்த நூல்கள் எழுதப்பட்ட காலத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியும் இல்லை, ஸ்கேனும் இல்லை. நோயாளி பிழைத்துக் கிடந்தால் அவரை எழுப்பி நடக்க வைக்க என்ன வழி என்று பார்த்தார்கள். அந்த இடத்தில் எங்களுக்கு இன்றைக்கும் வேலை இருக்கிறது. ஆபத்துக் கட்டம் தாண்டி, பிரஷர், சர்க்கரை கட்டுக்குள் வந்து, ஆஸ்பத்திரி டாக்டரும் சம்மதித்த பிறகு தொக்கணம், தைலப் பயிற்சி, பத்திய உணவு ஆகியவற்றை பிசியோதெரபியோடு சேர்த்துச் செய்யலாம். விறைத்துப்போகும் தசைகள் இளகும், நோயாளிக்கு நம்பிக்கையும் வரும். முதல் நாளிலேயே சம்மதமில்லாமல் கையைக் காலை முறுக்கி நீவுவது வைத்தியம் அல்ல. தொங்கிப்போன தோளை வேகமாக இழுத்து மூட்டை நழுவ வைத்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எங்களிடம் வந்ததும் சிலர் இங்கிலீஷ் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் நிறுத்தச் சொல்கிற வைத்தியர் யாராக இருந்தாலும் அவரிடம் போகாதீர்கள். நாங்கள் கொடுக்கும் மருந்துகளின் பெயரையும் ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரையோடு சில மூலிகைகள் மோதும்.

‘‘வல்லாரையும் அமுக்கராவும் மூளை செல்லைக் காப்பாத்தும்னு ஆராய்ச்சி வந்திருக்கே டாக்டர்?’’ என்று படித்தவர்களே பேப்பரை வெட்டி எடுத்து வருகிறார்கள். வந்திருக்கிறது, உண்மைதான். அவற்றில் பெரும்பாலும் எலியிலும் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்த செல்லிலும் செய்தவை. குளுட்டமேட் நஞ்சிலிருந்து செல் தப்பியது என்றுகூட எழுதியிருக்கிறார்கள். மேலே சொன்ன 1,026-ல் எத்தனையோ எலியில் ஜெயித்தவைதான் என்பதை நினைத்துப் பாருங்கள். வெள்ளைக்காரன் மருந்துக்கு ஒரு தராசு, நம் மூலிகைக்கு ஒரு தராசு என்று வைத்துக்கொள்ள முடியாது. பக்கவாத நோயாளிகளுக்கு முறையாகக் கொடுத்து, கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பெரிய சோதனைகளை எங்கள் துறையினரே எடுத்துச் செய்ய வேண்டும். அதுவரை வல்லாரையைத் துவையலாக அரைத்துச் சாப்பிடச் சொல்கிறேன். பக்கவாதத்துக்கு மருந்து என்று எழுதிக் கொடுப்பதில்லை.